இம்பால், கோஹிமா போர்க்களங்களுக்கு எத்தனை நாள் ஒதுக்குவது? ஒரு குடும்பப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 டிசம்பர் அரையாண்டு விடுமுறையில், வேலூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று மணிப்பூருக்கும் நாகாலாந்துக்கும் போய் வந்தது. என் அக்கா, அத்தான், எட்டாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள், அத்தானின் அப்பா, கூடவே நான். பயணத்துக்குக் காரணமே பெரியவர்தான். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டிவிட்டார், இரண்டு முழங்காலிலும் வலி. அவருடைய அப்பா மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் இருந்து பர்மா முனைக்குப் போய்த் திரும்பியவர். வேலூர் வட்டாரத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை, பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரு பர்மா ஸ்டார் பதக்கம், அப்புறம் கோவேறு கழுதை, மழை, சேறு, 'இம்பால் ரோடு' என்று அந்த மனிதர் எப்போதாவது சொன்ன துண்டு துண்டான கதைகள். எந்தக் கம்பெனி, எந்த மலை என்று சொல்ல ஒரு காகிதம்கூட இல்லை. இதுதான் பிறகு வந்த சிக்கலுக்கெல்லாம் வேர். இந்த இடம் என்று ஒன்று தெரிந்திருந்தால் நேராக அங்கே போய்விட்டு வந்திருக்கலாம். தெரியாததால் எல்லா இடத்தையும் பார்க்க வேண்டும் என்று பெரியவர் நினைத்தார்.

போரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. 1944 மார்ச்சில் ஜெனரல் முத்தாகுச்சியின் ஜப்பானியப் படை, ஏறத்தாழ 85,000 பேர், பர்மாவிலிருந்து இந்தியாவுக்குள் நுழைந்தது. 33ஆம் டிவிஷன் தெற்கே திடிம் சாலையிலும் தென்கிழக்கே தமு சாலையிலும் வந்தது. 15ஆம் டிவிஷன் வடகிழக்கு மலைகள் வழியே இறங்கியது. 31ஆம் டிவிஷன் இன்னும் வடக்கே போய், இம்பாலுக்குச் சாமான் வரும் ஒரே நல்ல சாலையைக் கோஹிமாவில் அறுத்தது. எதிரே ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆம் ராணுவம், அதில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். கோஹிமாவிலிருந்து இறங்கிய படையும் இம்பாலிலிருந்து ஏறிய படையும் ஜூன் 22 அன்று 109ஆம் மைல்கல் அருகே சந்தித்தபோதுதான் முற்றுகை உடைந்தது. ஜப்பானியர் பக்கம் செத்தவர்கள் சுமார் 30,000 பேர், குண்டுக்குச் செத்தவர்களைப் போலவே பசிக்கும் நோய்க்கும் செத்தவர்களும் ஏராளம். 2013இல் லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகம் பிரிட்டனின் மிகப் பெரிய போர் எது என்று வாக்கெடுப்பு நடத்தியபோது வாட்டர்லூவையும் தாண்டி இதுதான் முதலில் வந்தது. நம் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது.

கையில் இருந்த நேரம்

டிசம்பர் 24 காலை சென்னையில் விமானம், கொல்கத்தாவில் மாறி மதியம் இம்பால். 31 அன்று திமாபூரிலிருந்து திரும்ப விமானம். போக்குவரத்தைக் கழித்தால் நடுவில் முழுதாக ஆறு நாள், அதிலும் ஒரு நாளை இம்பாலிலிருந்து கோஹிமா போகும் சாலை தின்றுவிடும். இரண்டு மாநிலத்துக்கும் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கிக்கொண்டோம்.

நாள் கணக்கு போடுகிறவர்கள் பெரும்பாலும் மறக்கிற ஒன்று சூரியன். நாடு முழுக்க ஒரே கடிகாரம், ஆனால் மணிப்பூர் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், ஐந்துக்குக் கும்மிருட்டு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாள் என்றால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறரை வரை என்று மனசுக்குள் வைத்துக்கொள்கிறோம். அங்கே அப்படி வைத்துக்கொண்டால் நாளில் கால்வாசி இருட்டில் போகும்.

முதல் திட்டமும் அது ஏன் நிற்கவில்லை என்பதும்

பெரியவர் ஒரு நோட்டில் 16 இடம் எழுதி வைத்திருந்தார். சங்ஷாக், நுங்ஷிகும், காங்லாதோங்பி, மொய்ராங், கோங்ஜோம், ஷெனாம், மோரே, கோஹிமாவில் மட்டும் நாலு இடம் என்று நீண்டது. சாலைக்குப் போகும் நாள் தவிர மற்ற ஐந்து நாளும் அதற்கே. அக்காவின் நிலை நேர் எதிர். "ரெண்டு நாள் மாமாவுக்கு, மிச்சம் எங்களுக்கு. பிள்ளைக்கு லீவே இதுதான், கல்லறை கல்லறையாகக் கூட்டிட்டுப் போனா அவ என்ன பண்ணுவா?" என்றாள். லோக்தாக் ஏரி, பெண்கள் மட்டுமே கடை போடும் இமா கெய்தெல் சந்தை, இதெல்லாம் அவள் பட்டியல். அத்தான் இருவருக்கும் தலையாட்டினார், வழக்கம்போல.

பேச்சு ஐந்தா இரண்டா என்ற பேரத்திலேயே சுற்றியது. சரி, மூன்றரை என்று நடுவில் முடித்திருக்கலாம், பல வீடுகளில் அப்படித்தான் முடியும். ஆனால் மூன்றரை நாளில் எதைப் பார்ப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதனால் வரைபடத்தை விரித்து, அந்த 16 இடத்தையும் புள்ளி வைத்துப் பார்த்தோம். பார்த்த உடனே ஒன்று தெரிந்தது. இம்பால் உள்ளங்கை மாதிரி நடுவில் இருக்கிறது, சாலைகள் விரல் மாதிரி நாலு பக்கமும் மலைக்குள் ஓடுகின்றன, புள்ளிகள் எல்லாம் அந்தச் சாலைகளின் மேல்தான் விழுகின்றன. தற்செயல் இல்லை இது. சண்டையே அந்தச் சாலைகளைப் பிடிக்கவும் காக்கவும்தான் நடந்தது. ஒரு விரல் நுனியிலிருந்து அடுத்த விரல் நுனிக்குக் குறுக்கே போக உருப்படியான வழி கிடையாது, திரும்ப இம்பாலுக்கு வந்துதான் போக வேண்டும்.

ஆக, இடங்களை எண்ணி நாள் போடுவதில் அர்த்தமில்லை என்று ஆனது. ஒரே சாலையில் ஐந்து இடம் இருந்தாலும் ஒரு நாள், ஒரே ஒரு மலை இருந்தாலும் ஒரு நாள்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒரு நாளைக்கு ஒரு சாலை. காலை ஆறு, ஆறரைக்குக் கிளம்பி, நாலு மணிக்குள் மலைச்சாலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கிவிட வேண்டும். இந்தக் கணக்கில் தெற்கு, தென்கிழக்கு, வடகிழக்கு, கோஹிமா என்று நாலு நாள் வந்தது. நாலும் அதிகம் என்று அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது, ஒன்றை வெட்ட வேண்டும்.

தெற்குச் சாலையை வெட்டுவது பற்றிப் பேச்சே இல்லை, ஏனென்றால் லோக்தாக் ஏரி அதே சாலையில்தான் இருக்கிறது. அக்காவின் ஏரியும் பெரியவரின் மொய்ராங்கும் ஒரே நாளில் முடியும். மீதி இருந்தவை வடகிழக்கும் தென்கிழக்கும். வடகிழக்கில் சங்ஷாக் இருக்கிறது. 1944 மார்ச் கடைசியில் 50ஆம் இந்தியப் பாராசூட் படையணி நாலைந்து நாள் ஜப்பானியரைத் தடுத்து வைத்த இடம், போரின் போக்கையே கொஞ்சம் மாற்றியது என்று சொல்வார்கள். ஆனால் போக வர ஒரு நாள், பார்ப்பது ஒரு மலைமேட்டு ஊர். தென்கிழக்குச் சாலையிலோ 1891 ஆங்கிலோ-மணிப்பூர் போரின் கோங்ஜோம், 1944இன் பலேல் விமானத்தளம், ஷெனாம் கணவாய், கடைசியில் எல்லை ஊரான மோரே என்று வரிசையாக இருக்கின்றன. மோரேயில் பர்மாவிலிருந்து 1960களில் வெளியேறிய தமிழர்கள் குடியேறி, தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலுமாக இருக்கிறார்கள். பெரியவரிடம் கேட்டோம். சங்ஷாக்கை அவரே அடித்துவிட்டார், அடித்த கோட்டுக்கு மேலே சின்னதாக 'அடுத்த முறை' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த முடிவு, எல்லாரும் எல்லா இடத்துக்கும் வர வேண்டியதில்லை என்பது. இதைச் சொல்ல வீட்டில் கொஞ்சம் தயக்கம் இருந்தது, குடும்பமாகப் போய்ப் பிரிந்து சுற்றுவதா என்று. மோரே போகும் நாளில் அக்காவும் மகளும் இம்பாலில் இருந்துகொள்வது என்று முடிவானதும் பாதிச் சண்டை தானாகக் குறைந்தது.

நகரத்துக்குள் இருக்கும் இரண்டு போர்க் கல்லறைகளுக்கும் சேர்த்து 25ஆம் தேதி காலை ஒன்றரை மணி நேரம் போட்டோம். கிறிஸ்துமஸும் ஞாயிறும் சேர்ந்து வந்த நாள், அருங்காட்சியகங்களை நம்ப முடியாது, திறந்தவெளிக் கல்லறைக்குத்தான் அந்த நாள் சரி. 26 வெறும் ஊர் சுற்றல்: கங்லா கோட்டை, போலோ மைதானம், சந்தை. 27 தெற்குச் சாலை, 28 தமு சாலை, 29 கோஹிமாவுக்குப் பயணம், 30 கோஹிமா. வழிகாட்டி வேண்டும் என்று இரண்டே இடத்துக்குத்தான் பேசினோம், ஷெனாமுக்கும் கோஹிமாவுக்கும். வெறும் மலையைக் காட்டி இதுதான் போர்க்களம் என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது, ஆள் கூட இருந்து கையை நீட்டிச் சொல்ல வேண்டும்.

நடந்தது: கல்லறைகள்

திட்டம் முதல் நாளே வழுக்கியது. இம்பால் போர்க் கல்லறையில் 1,600 பேர் அடக்கம், அதை எல்லாரும் அரை மணியில் சுற்றி வந்துவிட்டோம். இரண்டாவது, இந்திய ராணுவப் போர்க் கல்லறை. அங்கே 828 கல்லறைகள், அவற்றோடு எரியூட்டப்பட்ட இந்து, சீக்கியப் படைவீரர்கள் 868 பேரின் பெயர் பொறித்த நினைவுச்சின்னமும் உண்டு. பெரியவர் அந்தப் பெயர்ப் பட்டியலின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலை எழுத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு பெயராக. தென்னாட்டுப் பெயர் மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் நின்று படைப்பிரிவைப் பார்ப்பார், நோட்டில் குறிப்பார், அடுத்த பெயர். அவருடைய அப்பா உயிரோடு திரும்பியவர், அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பே இல்லை. அது அவருக்கும் தெரியும்.

ஒன்றரை மணி நேரம் என்று போட்டது மதியம் வரை இழுத்தது. அத்தான் இரண்டு முறை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். மூன்றாவது முறை அக்காவே, "விடுங்க, அவரு முடிச்சிட்டு வரட்டும்" என்று சொல்லிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் அறைக்குப் போய்விட்டாள். நான் கூட இருந்தேன். மதியத்துக்கு மேல் எதுவும் போடாததால் யாருக்கும் எதுவும் கெடவில்லை. பின்னால் ஏதாவது ஒட்டியிருந்தால் அன்றைக்கே மனஸ்தாபம் ஆரம்பித்திருக்கும்.

தெற்குச் சாலை

27 காலை. இம்பாலிலிருந்து 16 கிலோமீட்டர் தெற்கே மைபாம் லோத்பா சிங் என்ற சின்னக் குன்று, சிவப்பு மலை என்றும் சொல்வார்கள். இம்பாலை நோக்கி ஜப்பானியர் தெற்கிலிருந்து வந்து எட்டிய கடைசிப் புள்ளிகளில் ஒன்று. அடிவாரத்தில் 1994இல் ஜப்பானியர் கட்டிய அமைதி நினைவிடம், பக்கத்திலேயே 2019இல் திறந்த இம்பால் அமைதி அருங்காட்சியகம். அருங்காட்சியகம் பெரிதில்லை, ஆனால் நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஜப்பானியர், ஆங்கிலேயர் கதையோடு நடுவில் மாட்டிக்கொண்ட உள்ளூர் ஜனங்களின் கதையும் இருக்கிறது. இரு படைகளும் மோதியது அவர்களுடைய வயலில், வீட்டுக் கொல்லையில்.

அங்கிருந்து மொய்ராங். 1944 ஏப்ரல் 14 அன்று, ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தின் கர்னல் சௌகத் மாலிக் இந்திய மண்ணில் கொடி ஏற்றிய ஊர். அருங்காட்சியகத்தில் நேதாஜியின் படங்கள், கடிதங்கள், துருப்பிடித்த துப்பாக்கி, தலைக்கவசம். பெரியவரின் அப்பா இந்தப் படைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தவர். மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்து நேதாஜி படையில் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு என்பதையும் அவர் அறிவார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், "எங்கப்பா சம்பளத்துக்குப் போனாரு தம்பி. இவங்க சம்பளம் இல்லாம வந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கொசுதான் கடிச்சிருக்கும்" என்றார். ஒரு மணி நேரம் போட்டிருந்தோம், ஒரு மணி நேரத்தில்தான் முடிந்தது. இங்கே அவர் அவசரப்படவும் இல்லை, தங்கவும் இல்லை.

மதியம் லோக்தாக். செந்த்ரா மேட்டில் இருந்து பார்த்தால் தண்ணீரில் மிதக்கும் புல்திட்டு வட்டம் வட்டமாகத் தெரியும், பூம்தி என்பார்கள். படகில் போனோம், மீன் சாப்பிட்டோம், எல்லாருக்கும் திருப்தி. மூன்று மணிக்குக் கிளம்பி இருட்டுமுன் வந்து சேர்ந்தோம். மொத்தப் பயணத்திலும் யாருமே முனகாத நாள் இதுதான், ஆனால் இதைப் போர்க்கள நாள் என்றுகூட அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

தமு சாலை

28 காலை ஆறு மணிக்குப் பெரியவர், அத்தான், நான். கோங்ஜோமில் அரை மணி. பலேல் தாண்டினதும் சாலை மலை ஏறத் தொடங்கும். ஷெனாம் கணவாயில் எட்டரைக்கெல்லாம் நின்றோம், ஒரே மூடுபனி. வழிகாட்டி கையை நீட்டி, அது ஜிப்ரால்டர், இது ஸ்கிராகி, அதற்கு அந்தப் பக்கம் நிப்பான் ஹில் என்கிறார், எங்களுக்குத் தெரிந்தது வெள்ளை மட்டும். மால்டா, க்ரீட் என்று மத்தியதரைக் கடல் தீவுகளின் பெயரை இந்த மொட்டை மேடுகளுக்கு வைத்து, ஒவ்வொன்றுக்காகவும் ஏப்ரலில் இருந்து ஜூலை வரை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பனி விலகக் காத்திருப்பதா, மோரேக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பார்ப்பதா? திரும்பும்போது பார்க்கலாம் என்றால் மதியம் இரண்டு, இரண்டரை ஆகிவிடும், வழியில் சோதனைச் சாவடிகளில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று சொல்ல முடியாது, வெளிச்சம் போனால் போனதுதான். பெரியவர் வந்ததே இதற்குத்தான் என்பதால் காத்திருந்தோம். டீக்கடை அடுப்போரம் உட்கார்ந்திருந்தோம், பத்து மணி வாக்கில் பனி கிழிந்தது. மேட்டின் பக்கவாட்டில் பதுங்குகுழிகளின் தடம் இன்னும் தெரிகிறது, புல் மூடி, மழையில் கரை சரிந்து, ஆனால் வரிசை புரியும்படி. ஒரு பள்ளத்துக்கும் எதிர்ப் பள்ளத்துக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்து அத்தான்தான் முதலில் வாயடைத்துப் போனார். அதுவரை அவர் டிரைவரோடு கிரிக்கெட் பேசிக்கொண்டு வந்தவர். கல்லை எறிந்தால் விழும் தூரம்.

பெரியவர் அந்த மேடுகளை எல்லாம் ஏறவில்லை, முழங்கால் விடவில்லை. சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பர்ஸ் வேலை சாலையும் பாலமும்தானே, மலையைப் பிடிப்பது காலாட்படை வேலை. அவருடைய அப்பா எங்காவது இருந்திருந்தால் நாங்கள் வண்டியில் வந்த சாலையில்தான் இருந்திருப்பார் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

காத்திருந்த நேரத்துக்குப் பதிலாகப் பலேலில் நிற்பதை விட்டுவிட்டோம். மோரேயில் கோயிலுக்குப் போய், தமிழில் பேசி, இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டியதாயிற்று. எல்லை வாயில் 2020இல் மூடியது, அப்போதும் திறக்கவில்லை, அதனால் அந்தப் பக்கம் தமு சந்தைக்குப் போகும் யோசனை எழவே இல்லை. இம்பால் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. நாலு மணி என்ற வரம்பை மீறிய ஒரே நாள் இது.

கோஹிமா

29 முழுக்கச் சாலை. 140 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் சாலை அகலப்படுத்தும் வேலை, தூசி, மாவோ வாயிலில் அனுமதிச் சோதனை. காங்லாதோங்பியில் நின்று பார்க்கலாம் என்று நோட்டில் இருந்தது. பிள்ளைக்கு வாந்தி, நிற்காமல் போனோம்.

30 காலை கோஹிமா போர்க் கல்லறை. கோஹிமாவுக்கு முதலில் பெரியவர் இரண்டு நாள் கேட்டிருந்தார், நாங்கள் ஒன்று கொடுத்தோம், உண்மையில் தேவைப்பட்டது அரை நாள். இங்கே மட்டும் சாலைக் கணக்கு பொருந்தாது, காரணம் போர்க்களமே ஒரு முகட்டின் மேல் சுருங்கிக் கிடக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கி இரண்டு வாரம், சண்டை போடத் தெரிந்தவர்கள் என்று 1,500 பேர்தான் உள்ளே, வெளியே 12,000க்கு மேல். நாளுக்கு நாள் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. பங்களா போய்விட்டது. மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளைக் கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள், சுற்றிலும் கல்லறைப் படிக்கட்டுகள், மொத்தம் 1,420 பேர்.

அக்கா மகள் அந்தக் கோட்டின் மேல் குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி ஒட்டி அடி வைத்து அளந்துகொண்டே போனாள். ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வந்து நின்று, "இங்கேர்ந்து குண்டு போட்டா திரும்பி நம்ம மேலயே விழாதா தாத்தா?" என்றாள். வழிகாட்டிக்கு அதற்கப்புறம் வேலை அதிகம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவரும் ஜெயில் ஹில் எது, எங்கிருந்து பீரங்கி அடித்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று உச்சியில் நின்றபடியே எல்லாத் திசையிலும் காட்டினார். நோட்டில் கோஹிமா என்று தனித்தனியாக எழுதியிருந்த நாலு இடமும் நின்ற இடத்திலிருந்தே தெரிந்துவிட்டன. பல மேடுகளில் இப்போது கட்டடங்கள், தனியாக ஏறிப் போய்ப் பார்க்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. உச்சியில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கான சின்னம், அங்கே ஏறப் படி அதிகம். அத்தான் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பெரியவரை ஏற்றினோம், இறக்கியது இன்னும் கஷ்டம்.

மதியத்துக்குப் போட்டிருந்த அருங்காட்சியகம் மூடியிருந்தது. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை நாகாலாந்து ஓய்வெடுக்கிற வாரம். நகரக் கடைகளே பாதி சாத்தியிருந்தன, சோறு கிடைக்க அலைந்தோம். காலியான மதியத்தில் அரதுரா குன்றின் மேல் உள்ள பேராலயத்துக்குப் போனோம். கட்டுமானத்துக்கு ஜப்பானில் இருந்தும் பணம் வந்திருக்கிறது, செத்தவர்களின் குடும்பங்கள் கொடுத்தது. அரதுராவும் நோட்டில் இருந்த இடம்தான், திட்டமிடாமலே முடிந்தது.

விளைவு

16 இடத்தில் 11 பார்த்தோம், தூரத்தில் இருந்து கையைக் காட்டியதையும் சேர்த்து. மொத்தமாகப் போர்க்களத்துக்கு என்று போனது மூன்று நாளுக்குப் பக்கம். அக்காவுக்கு ஒன்றரை நாள்தான், அத்தானுக்கு இரண்டரை. ஒரே பயணத்தில் ஆளுக்கொரு கணக்கு. பெரியவரிடம் போதுமா என்று கேட்டதற்கு, ஷெனாமில் இன்னொரு நாள் வேண்டும் என்றார், கோஹிமாவைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கள் யாருடைய கணக்கிலும் ஷெனாம் பெரிய இடம் இல்லை. புகழ் பெற்றது கோஹிமா, அவருக்கு ஒட்டியது ஷெனாம் சாலை. புகழைப் பார்த்து நேரம் பிரித்திருந்தால் தலைகீழாகப் போயிருக்கும்.

பிள்ளை சலித்துக்கொள்வாள் என்ற பயமும் முழுக்கச் சரியில்லை. கல்லறையில் சலித்தாள், டென்னிஸ் மைதானத்தில் சலிக்கவில்லை. அளந்து பார்க்க ஏதாவது இருந்தால் அந்த வயதுப் பிள்ளைகள் நிற்கிறார்கள், வாசிக்க மட்டும் இருந்தால் நிற்பதில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால்

இந்தத் திட்டத்தை அப்படியே இப்போது யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 மே 3 அன்று மணிப்பூரில் வெடித்த வன்முறைக்குப் பிறகு பள்ளத்தாக்குக்கும் மலைக்கும் நடுவே போக்குவரத்தே வேறு மாதிரி ஆகிவிட்டது, மோரேயிலும் வீடுகள் எரிந்தன. இம்பாலில் இருந்து கிளம்பும் எந்தச் சாலையும் மலைக்குள் போகும் சாலைதான், அதனால் எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த வண்டி எதுவரை போகும் என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்காமல் டிக்கெட் போடக் கூடாது. கோஹிமாவுக்குத் திமாபூர் வழியாக நேரே போகலாம், மணிப்பூருக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. போர்க்களத்துக்கு ஒரு நாள், சுற்றியுள்ள ஊர்களுக்கு இரண்டு நாள் போதும்.

விடுமுறையை டிசம்பர் கடைசியில் வைக்க மாட்டேன். பள்ளி லீவு வேறு வழி விடவில்லை என்பது உண்மை, ஆனால் பொழுதும் குட்டை, நாகாலாந்தும் மூடியிருக்கும். வேறு வழியே இல்லை என்றால் கோஹிமாவை முதலில் முடித்து, கிறிஸ்துமஸை இம்பாலில் வைத்துக்கொள்வேன்.

கல்லறைக்கு நேரம் போடவே மாட்டேன், அரை நாளைக் காலியாக விட்டுவிடுவேன். ஷெனாமுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்து, மோரேயை எடுத்துவிடுவேன், இரண்டும் சேர்த்தது பேராசை. கோஹிமாவில் வழிகாட்டிக்குக் கொடுத்த பணம்தான் மொத்தச் செலவிலும் நியாயமான செலவு, தெற்குச் சாலைக்கும் ஒருவரைப் பேசியிருக்கலாம்.

வேறு போர்க்களத்துக்குப் போகிறவர்கள் இந்தச் சாலைக் கணக்கை முதலில் வரைபடத்தில் சோதித்துப் பார்க்கட்டும். அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களம் ஊரைச் சுற்றியே கிடக்கிறது, காரில் சுற்ற வழியே போட்டு வைத்திருக்கிறார்கள், அங்கே ஒன்றிரண்டு நாளில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். பிரான்சின் நார்மண்டியில் 1944இல் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய ஐந்து கடற்கரைகளும் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன, அங்கே எல்லாவற்றையும் ஒரே நாளில் என்று கிளம்புகிறவர்கள் கார் ஜன்னலைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள்.

சங்ஷாக் இன்னும் பாக்கி. அந்தச் சாலை இப்போதைக்கு எங்கள் பட்டியலில் இல்லை. பெரியவர் கேட்கிறபோதெல்லாம் அத்தான், "அங்க நிலைமை சரியாகட்டும்பா" என்று சொல்லி வைத்திருக்கிறார்.